நான்கு அடி எட்டு அங்குலம்

லாஸ் ஏஞ்சலஸ்,
11 ஜனவரி 1960

அன்புள்ள ஆர்டித் அக்கா,

இன்று காலை சமையலறை மேசைமேல் என் முழங்கை எட்டவில்லை.

இதைச் சொல்லவா ஒன்றரை வருடம் கழித்து எழுதுகிறாய் என்று கேட்பாய். கேள். ஆனால் வேறு யாரிடம் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டுடியோவுக்குள் கட்டிய அந்த வீட்டின் திரைச்சீலைகளை எல்லாம் தைத்தவள் நீ. எந்த ஜன்னல் எத்தனை அங்குலம் என்று உனக்குத்தான் மனப்பாடம்.

என் வேலை மாறவில்லை. நீ வாங்கிக் கொடுத்ததுதான். 'லார்க் தெரு வீடு' டெலிவிஷன் தொடரில் கடைக்குட்டி டக்கியாக நடிக்கும் வெண்டலுக்கு நான் பதில் ஆள். விளக்குகளைச் சரிசெய்து முடிக்கும்வரை அவன் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பேன், உட்கார வேண்டிய நாற்காலியில் உட்காருவேன். "பதில் ஆட்கள் வெளியே, நடிகர்கள் உள்ளே" என்று குரல் வந்ததும் எழுந்து போய்விடுவேன். யாரிடமும் பேச வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பேசச் சொல்வார்களே, அந்தப் பயம் இங்கே கிடையாது. எனக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. உயரம் மட்டும் அப்படியே இருக்கிறது, நான்கு அடி எட்டு அங்குலம்.

காலை உணவுக் காட்சியில் டக்கி இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, கன்னத்தைக் கையில் தாங்கி உட்காருவான். அதே மாதிரி நானும் நூறு தடவைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். இன்று தோளைத் தூக்கினால்தான் முழங்கை ஏறியது. எழுந்து பார்த்தேன். எப்போதும் என் வாய்க்கு நேராக இருக்கும் அலமாரிக் குமிழ் மூக்குக்கு நேராக இருந்தது. கதவுப் பிடி, பாத்திரம் கழுவும் தொட்டி, மாடிப்படியின் கைப்பிடி எல்லாமே இரண்டு அங்குலம் ஏறியிருந்தன. கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாரோ வந்து அந்த வீட்டையே வளர்த்திருக்கிறார்கள்.

தச்சர் கஸ் மூலையில் உட்கார்ந்திருந்தார். "மேசை உசந்துடுச்சா?" என்று கேட்டேன். நானாகப் போய் ஒருவரிடம் கேட்டது எனக்கே ஆச்சரியம்.

அவர் வாயிலிருந்த ஆணிகளை எடுக்காமலே சொன்னார்: "பையன் வளரக் கூடாதுன்னா மேசைதானே வளரணும், சுண்டெலி. போ, போய் உக்காரு."

எல்லாரும் என்னை இப்போது சுண்டெலி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை.

டக்கிக்கு நான்கு வருடமாக எட்டு வயது. வெண்டலுக்கு இந்த மார்ச்சில் பன்னிரண்டு முடிகிறது. அப்பாவாக நடிப்பவர் குதிகால் உயர்ந்த ஷூ போட்டுக்கொண்டு தடுமாறி நடக்கிறார். எல்லாரும் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

நீ இருந்தபோது இப்படி ஏதாவது செய்தார்களா? அதை மட்டும் எழுது. மற்றதைப் பற்றி நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

நோலா


மெட்ஃபோர்ட், ஆரிகன்,
16 ஜனவரி

நோலா,

இரண்டு கிறிஸ்துமஸ் போயிற்று. ஒரு வாழ்த்து அட்டை கிடையாது. இப்போது முழங்கை எட்டவில்லை என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, உயிரோடு இருக்கிறாய் என்றாவது தெரிந்தது.

நான் நன்றாக இருக்கிறேன். பேரிக்காய்க் கிடங்கில் வேலை. ஒவ்வொரு காயையும் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவள் பெயர் வில்மா. ஓயாமல் பேசுவாள், நான் கேட்பதே இல்லை. காய்கள் பேசாது. அதனால் எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.

அந்த இடத்தை விட்டு வந்துவிடு. அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று சொன்னேன். "நான் ஒருத்தியாவது வெளிச்சத்துல நிக்கிறேனேன்னு உனக்குப் பொறாமை" என்றாய். ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் இருக்கிறது.

இங்கே வரிசையில் இடம் காலியாக இருக்கிறது. பேருந்து வியாழக்கிழமைகளில் நேராக வரும். ஏன் எதற்கு என்று கேட்காதே. வா.

ஆர்டித்

பின்குறிப்பு: பையன் சாப்பிடுகிறானா?


லாஸ் ஏஞ்சலஸ்,
25 ஜனவரி

அன்புள்ள அக்கா,

நீ கடைசியில் எழுதிய அந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அது உனக்கு எப்படித் தெரிந்தது? நான் சாப்பாட்டைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே.

இல்லை. அவன் சாப்பிடுவதில்லை. நீ கேட்ட பிறகுதான் நான் கவனித்தேன்.

தொடருக்குப் பணம் போடுவது கார்ன்ஃபிளேக்ஸ் கம்பெனி என்பதால் வாரத்துக்கு ஒரு காலை உணவுக் காட்சியாவது இருக்கும். டக்கி ஒரு கரண்டி வாயில் போட்டுக் கண்ணை மூடி "ம்ம்ம்" என்பான். 'கட்' சொன்னதும் அவன் அம்மா மிசஸ் கிராவ்ஸ் தகர வாளியோடு ஓடி வருவாள், அவன் துப்புவான். பத்துத் தடவை எடுத்தால் பத்துத் தடவையும் சாப்பிட முடியாது, அதனால் என்று முதலில் நினைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை ஒரே தடவைதான் எடுத்தார்கள். வாளி வந்தது.

"துப்புடா."

"முழுங்கிட்டேன்."

"எவ்வளவு?"

"ஒரே ஒரு வாய்தாம்மா."

"ஒரு வாய்தானா? அந்த ஒரு வாய்தான் அடுத்த மாசம் கணுக்காலுக்கு மேல ஏறுன பேண்ட்டா வந்து நிக்கும். வாயத் தொற."

அவள் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். எல்லாரும் கேமராவைத் தள்ளிக்கொண்டு அடுத்த காட்சிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமைகளில் பக்கத்து வாசல் வழியாக ஒரு டாக்டர் வருகிறார். ஆஸ்பிரின் டப்பாவில் மஞ்சள் மாத்திரை. காலையில் ஒன்று, மதியம் ஒன்று. கல்வி வாரியம் அனுப்பிய டீச்சர் மிஸ் டிட்வெல் கேட்டால் வைட்டமின் என்கிறாள் அவன் அம்மா. மிஸ் டிட்வெல் நல்லவள். போன செப்டம்பரில்தான் வந்தாள். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் எத்தனை மணி நேரம் நடித்தான், எத்தனை மணி நேரம் படித்தான் என்று நோட்டில் எழுதுவாள். "போதும், பையனை வீட்டுக்கு அனுப்புங்க" என்று அவள் சொன்னால் டைரக்டரே நிறுத்தியாக வேண்டும், சட்டம் அப்படி. ஆனால் அவள் பார்ப்பது கடிகாரத்தை.

வெண்டல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இதப் போட்டா பசிக்காது சுண்டெலி. தூக்கமும் வராது. நெஞ்சுக்குள்ள யாரோ கதவத் தட்டுற மாதிரி இருக்கும், அவ்ளோதான்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "நீ எப்பிடி வளராம நின்னே? எங்கிட்ட மட்டும் சொல்லேன்."

என்ன சொல்வது அக்கா? நான் ஒன்றும் செய்யவில்லை, தானாக நின்றுவிட்டேன் என்று சொன்னேன். அவன் நம்பவில்லை.

திங்கட்கிழமைகளில் நிர்வாகி ஸ்ட்ரௌட் எங்கள் இருவரையும் முதுகோடு முதுகு நிறுத்தி, தலைமேல் ஒரு புத்தகத்தை வைத்துப் பார்க்கிறார். இன்றைக்குப் புத்தகம் மட்டமாக நின்றது, அவன் என் உயரத்தை எட்டிவிட்டான். ஸ்ட்ரௌட் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார்.

நான் வர முடியாது. இங்கே என்னால் முடிந்த ஒரே வேலை இது. இன்னொன்று கேட்க வேண்டும். டக்கியின் அக்காவாக நடித்த லெனோர் போனதும் நீ போனதும் ஒரே வாரம். தொடரில் அவள் பாஸ்டனுக்குப் பியானோ படிக்கப் போய்விட்டதாக ஒரு வசனம் வந்தது. அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் நாற்காலிகள் மூன்றாகிவிட்டன. தொடரில் அந்த வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்வதே இல்லை, டக்கியின் அம்மாவாக வருபவள் கூட. மெழுகு பூசிய படியில் வழுக்கி விழுந்தாள் என்று எங்களிடம் சொன்னார்கள். நான் அன்று வெளியே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ உள்ளே இருந்தாய்.

நோலா


மெட்ஃபோர்ட்,
30 ஜனவரி

நோலா,

லெனோரைப் பற்றிக் கேட்காதே.

ஒரு பெட்டி பேரிக்காய் அனுப்பியிருக்கிறேன். பையனுக்குக் கொடு. அவன் அம்மா பார்க்காமல் கொடு. காம்புப் பக்கம் அழுத்திப் பார், மெத்தென்று இருந்தால் பழுத்தது.

ஆர்டித்


லாஸ் ஏஞ்சலஸ்,
11 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

பேரிக்காய் வந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றது.

வீட்டின் முன்பக்கம்தானே வீடு, பின்னால் வெறும் பலகையும் முட்டுக்கட்டையும். வரவேற்பறைச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து வெண்டல் ஒன்றைத் தின்றான். சாறு முழங்கைவரை வழிந்தது. விதை, காம்பு எதையும் விடவில்லை. இரண்டாவதைக் கடிக்கும்போது அவன் அம்மா வந்துவிட்டாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவனைப் பார்த்து அழுதாள். "நாலு வருஷமா உனக்காக என் வாழ்க்கையையே விட்டுட்டு நிக்கிறேன், உனக்கு ஒரு பழம் பெருசாப் போச்சா?" அவன் மீதியைத் தானாகவே வாளியில் போட்டான். அவள் அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

மற்றது இது. நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

முதல் தேதி திங்கட்கிழமை. ஸ்ட்ரௌட் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சுண்டெலி, உனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கா?"

தலையாட்டினேன்.

"அவன் உன்னவிட உசந்துட்டா நீ இங்க எதுக்கு? யோசிச்சியா? இன்னிக்கு கார்ன்ஃபிளேக்ஸ் கம்பெனிக்காரர் வர்றார். நீயும் பையனும் முதுகோட முதுகு நிக்கிறதப் பார்த்துட்டுத்தான் அடுத்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுவார். இத ஷூவுக்குள்ள வச்சுக்க. யாருக்கும் கெடுதல் இல்ல. பையனுக்கும் நல்லதுதான், கொஞ்ச நாளைக்கு அவன நிம்மதியா விடுவாங்க."

அட்டைத் துண்டுகள், அக்கா. கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டியிலிருந்து குதிகால் அளவுக்கு வெட்டியவை. மேலே இருந்ததில் வெண்டலின் சிரித்த முகம். பெட்டியின் முன்பக்கம் அவன் படம்தானே இருக்கும்.

அவனை நிம்மதியாக விடுவார்கள் என்று நினைத்துத்தான் வைத்துக்கொண்டேன். அப்படித்தான் என்னிடமே சொல்லிக்கொள்கிறேன். வேலை போகாது என்றும் நினைத்தேன், அதை மறைக்கவில்லை.

கம்பெனிக்காரர் புத்தகத்தை எங்கள் தலைமேல் வைத்தார். அது அவன் பக்கம் சாய்ந்தது. "அட, இந்தப் பொண்ணவிடக் குட்டையா இருக்கானே! நான் என்னமோ வளந்துட்டான்னு பயந்துட்டேன்" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இரண்டு வருடம். டக்கிக்கு இன்னும் இரண்டு வருடம் எட்டு வயது. புதன்கிழமை டாக்டர் வந்து காலையில் இரண்டு, மதியம் இரண்டு என்று மாற்றிவிட்டுப் போனார். நான் வாங்கிக் கொடுத்த நிம்மதி இதுதான்.

நேற்று வாசல் படியில் "எனக்கு எட்டு வயசுதாம்ப்பா!" என்று சொல்ல வேண்டிய இடத்தில் வெண்டல் பேசாமல் நின்றான். கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. நான்கு எண்ணும் நேரம் இருக்கும். பிறகு முழங்கால் மடங்கிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். டைரக்டருக்கு அது பிடித்துப்போய், அதையே வைத்துக்கொண்டார். பதிவு செய்த சிரிப்பைப் படத்தில் சேர்க்கும் சிரிப்புப் பெட்டிக்காரர் அந்த இடத்தில் பெரிய சிரிப்பாகப் போடுவார். நாட்டில் பாதிப் பேர் சேர்ந்து சிரிப்பார்கள். மிஸ் டிட்வெல் நோட்டில் மணி எழுதிக்கொண்டிருந்தாள்.

புதுக் கதை வந்திருக்கிறது. டக்கி அப்பாவிடம் கோபித்துக்கொண்டு மரவீட்டுக்குக் குடிபோகிறான். கஸ் மரத்தைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். பதினான்கு அடி உயரம், கயிற்று ஏணி. முகம் தெரிய வேண்டும் என்பதால் வெண்டலே ஏற வேண்டுமாம். மார்ச் 4.

அக்கா, உனக்கு ஏதோ தெரியும். எனக்கு இப்போது அது வேண்டும்.

நோலா


மெட்ஃபோர்ட்,
17 பிப்ரவரி

நோலா,

இதைப் படித்ததும் எரித்துவிடு. அடுப்பில் போட்டு, சாம்பலாகும்வரை நின்று பார்.

லெனோருக்குப் பதின்மூன்று முடிந்தபோது அவளுக்கு வயதுக்கு வந்த உடம்பு வந்துவிட்டது. தொடரில் அவளுக்குப் பதினொன்று. ஸ்ட்ரௌட் தையல் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். கித்தான் துணியில் ஒரு பட்டை தைக்கச் சொன்னார். அக்குளிலிருந்து இடுப்பு வரை, முதுகில் பன்னிரண்டு கொக்கி. நான் தைத்தேன். நன்றாகவே தைத்தேன். ஓரம் உறுத்தக் கூடாது என்று உள்பக்கம் மெல்லிய துணி வைத்துத் தைத்தேன். அதை நினைத்து எனக்கு அப்போது பெருமை வேறு.

தினமும் காலையில் நான்தான் மாட்டிவிடுவேன். "இன்னும் ஒண்ணு இறுக்கு ஆர்டித், நான் மூச்ச இழுத்துக்கறேன்" என்பாள். வேடிக்கையாகச் சொல்வாள். இரண்டு மாதத்தில் மூன்று தடவை கொக்கியை உள்ளே தள்ளித் தைத்தேன்.

அன்று ஜூலை மாத வெயில். விளக்குகளுக்குக் கீழே எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். மாடியிலிருந்து "அம்மா, எனக்குக் கடிதம் வந்திருக்கு!" என்று கத்திக்கொண்டு ஓடி வரும் காட்சி. ஏழு தடவை ஓடினாள். எட்டாவது தடவை மேல்படியிலேயே மயங்கிவிட்டாள். கையை நீட்டித் தடுக்கக்கூட இல்லை, மூட்டை மாதிரி வந்து விழுந்தாள். அவள் தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அப்போதிருந்த டீச்சர் ஓடி வருவதற்குள் ஸ்ட்ரௌட் என் காதில் சொன்னார்: "அத எடு. இப்பவே." நான் அவள் சட்டைக்குள் கத்திரியை விட்டு வெட்டி, பட்டையை உருவி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். டீச்சருக்கு ஒன்றும் தெரியாது. படியில் மெழுகு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த வாரமே அவளை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள்.

லெனோரை ஒரு முறை போய்ப் பார்த்தேன். பேச்சு குழறுகிறது. என்னைப் பார்த்து அவள் கோபப்படவில்லை. அதனால்தான் இரண்டாவது முறை நான் போகவில்லை.

அன்று வாசலில் உன்னிடம் காரணம் சொல்லியிருந்தால் நீ என்னோடு வந்திருப்பாய். சொல்ல வாய் வரவில்லை. நீ என்னைப் பொறாமைக்காரி என்று நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

அந்தப் பட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்காதே.

எரித்துவிடு.

ஆர்டித்


லாஸ் ஏஞ்சலஸ்,
22 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

எரிக்கவில்லை. அடுப்பு வரை போனேன்.

இன்று மிஸ் டிட்வெல்லிடம் சொல்லிவிடலாம் என்று அவள் பாடம் நடத்தும் வண்டிக்குப் போனேன். வெண்டல் பூகோளப் புத்தகத்தின் மேல் தலையை வைத்து உட்கார்ந்திருந்தான். தூங்கவில்லை, கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து, "என்னம்மா வேணும்?" என்றாள். நான் நின்றேன். "சொல்லும்மா" என்றாள். "பென்சில்" என்றேன். ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்து அனுப்பினாள்.

நான் சொன்னாலும் யார் நம்புவார்கள்? பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்த பதில் ஆள். அவன் அம்மா வைட்டமின் என்பாள், டாக்டரும் வைட்டமின் என்பார். மேசையைக் காட்டினால் அது செட் என்பார்கள். ஆனால் ஒருத்திக்கு இங்கே இப்படி ஏற்கெனவே நடந்தது என்று, அதைச் செய்தவளே எழுதியிருந்தால் மிஸ் டிட்வெல் கடிகாரத்தை விட்டுவிட்டுப் பையனைப் பார்ப்பாள்.

உன் கடிதத்தைக் காட்டட்டுமா? உன் பெயர் அதில் இருக்கிறது. நீ செய்தது எல்லாம் இருக்கிறது. நீ வேண்டாம் என்றால் காட்ட மாட்டேன்.

மரம் கட்டி முடித்துவிட்டார்கள். தாள் இலைகளை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். இன்று என்னை மேலே ஏற்றி விளக்குப் பார்த்தார்கள். கீழே சிமெண்டுத் தரை. படத்தில் தெரியாது என்பதால் புல் விரிக்கவில்லை.

நோலா


மெட்ஃபோர்ட்,
26 பிப்ரவரி

நோலா,

வேண்டாம். காட்டாதே.

நீ நினைப்பதுபோல இது ஒரு டீச்சரோடு நிற்காது. போலீஸ் வரும், பத்திரிகைக்காரன் வருவான். கிடங்கில் எல்லாருக்கும் தெரியும். ஒரு பிள்ளையின் மூச்சை இறுக்கித் தைத்தவள் என்று வில்மா என் பக்கத்தில் நிற்கமாட்டாள். ஸ்ட்ரௌட் தான் சொல்லவே இல்லை என்பார், தைத்த கை என்னுடையது. வேறு வழி பார். அவன் அம்மாவிடம் பேசு. கஸ்ஸிடம் சொல், ஏணியில் ஏதாவது கோளாறு செய்யட்டும். நீ அங்கிருந்து கிளம்பி வா. என்னை விட்டுவிடு.

29 பிப்ரவரி

மேலே எழுதியதை மூன்று நாளாகத் தபாலில் போடவில்லை. இன்று வரிசையில் நின்று காய் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு காயை ரொம்ப இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது. "ஏய், அது மூச்சுத் திணறுது பாரு" என்றாள் வில்மா. சும்மாதான் சொன்னாள். நான் வெளியே போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன்.

இதோடு ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். விரைவுத் தபால். உள்ளே இருப்பது என்ன என்று உனக்குத் தெரியும். கத்திரி வெட்டியது இடப்பக்கம். கொக்கியை நகர்த்திய மூன்று தையலும் தெரியும், எண்ணிப் பார்க்கச் சொல்.

கடிதத்தையும் காட்டு. தைத்தது ஆர்டித் பிரூயிட் என்று சொல். கேட்டால் நான் வருவேன்.

அக்கா


லாஸ் ஏஞ்சலஸ்,
4 மார்ச், வெள்ளி

அன்புள்ள அக்கா,

பொட்டலம் நேற்று சாயங்காலம் வந்தது. மூன்று தையலையும் எண்ணினேன். உள்பக்கம் நீ வைத்த மெல்லிய துணியையும் பார்த்தேன்.

இன்று காலை அதைப் பழுப்புத் தாளில் திரும்பச் சுற்றி, நீ எரிக்கச் சொன்ன கடிதத்தை நடுவில் வைத்து, டக்கியின் கோட்டைப் போலவே எனக்குத் தைத்த கோட்டுக்குள் செருகிக்கொண்டேன். முதல் வேலையாக மிஸ் டிட்வெல்லிடம் போக வேண்டும் என்றுதான் வந்தேன். அவள் பக்கத்தில் ஸ்ட்ரௌட் நின்று ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். நான் காப்பிப் பாத்திரத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டேன். பிறகு "சுண்டெலி, மேல ஏறு" என்றார்கள். ஏறினேன். எப்போதும்போல.

மேலிருந்து எல்லாம் தெரிந்தது. வரவேற்பறை, சமையலறை, மூன்று நாற்காலி போட்ட மேசை, எதற்கும் கூரை இல்லை. வெண்டல் ஏணிக்குப் பக்கத்தில் நின்றான். அவன் அம்மா ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தாள். ஒன்று, இரண்டு. அவன் தண்ணீர் இல்லாமலே விழுங்கினான். பிறகு ஏணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஏறுவதற்காக இல்லை, நிற்பதற்காக. அவன் நடுக்கம் கயிறு வழியாக மேலே, நான் உட்கார்ந்திருந்த பலகை வரை வந்தது.

இருபது நிமிடம் விளக்குப் பார்த்தார்கள். பிறகு அந்தக் குரல் வந்தது.

"பதில் ஆட்கள் வெளியே, நடிகர்கள் உள்ளே."

நான் இறங்கவில்லை. ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன்.

வெண்டலின் கையிலிருந்து கயிறு உருவிக்கொண்டு வந்தது. முதலில் எல்லாரும் சிரித்தார்கள். "ஏய், டக்கி வீட்டச் சுண்டெலி பிடிச்சுக்கிச்சு!" என்றார் கஸ். டைரக்டரும் சிரித்தார். நான் கடைசிப் படி வரை இழுத்து மடியில் சுருட்டி வைத்தேன். சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது.

"விளையாடாத. ஏணிய விடு" என்றார் ஸ்ட்ரௌட்.

"இந்தப் பொண்ண யாராவது கீழ இறக்குங்க! பையன் மருந்து போட்டு நிக்கிறான், இப்ப விட்டா அப்புறம் ஓஞ்சுருவான்!" என்று கத்தினாள் அவன் அம்மா.

"என்ன மருந்து?" என்றாள் மிஸ் டிட்வெல்.

அவ்வளவு மெதுவாகத்தான் கேட்டாள். ஸ்ட்ரௌட் அவள் தோளைத் தொட்டு, "வைட்டமின்தான் மிஸ், வாங்க, நேரமாகுது" என்றார். கஸ் நீள ஏணி கொண்டுவரப் போனார். அது பக்கத்துக் கட்டடத்தில் இருந்தது.

அவள் தோளை விடுவித்துக்கொண்டு மரத்தடிக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள். "என்னம்மா? பயமா இருக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"கீழ விழுந்துடுவோம்னா?"

இல்லை என்று தலையாட்டினேன். வெண்டலைக் காட்டினேன். அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தான். என்னைப் பார்த்து, "நோலா" என்றான். அவனுக்கு என் பெயர் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

"சொல்லும்மா" என்றாள் மிஸ் டிட்வெல்.

வாயைத் திறந்தேன் அக்கா. எல்லா விளக்கும் என் முகத்தின் மேல்தான் இருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. தூரத்தில் கஸ்ஸின் ஏணி கதவில் இடிக்கும் ஓசை கேட்டது.

கோட்டுக்குள் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்தேன். பலகையின் ஓரத்துக்கு நகர்ந்து, குப்புறப் படுத்து, கையை முடிந்த மட்டும் கீழே நீட்டி, அவள் கைகளுக்கு நேராக விட்டேன். அவள் அதைப் பிடித்து, அங்கேயே நின்று தாளைப் பிரித்தாள்.

நோலா